புகை கலையும் வரை

எங்கள் வீட்டில் பல நாளாகச் சண்டை, இருட்டைப் பற்றி. கரண்ட் போனால் வருமே, அந்த இருட்டு அல்ல. வாணவேடிக்கையில் கடைசி அடுக்கை வெடிப்பதற்கு முன்னால் என் அண்ணன் வேண்டுமென்றே விடுகிற இருட்டு.

அண்ணன் வாணவேடிக்கை நடத்துகிறவன். நான் அதே வேடிக்கைக்கு வரும் கூட்டத்தை ஒழுங்காக உள்ளே விட்டு, ஒழுங்காக வெளியே அனுப்பும் பாதுகாப்புக் குழுவின் மேற்பார்வையாளர். அவன் ஜனங்களை வானத்தைப் பார்க்க வைப்பான். நான் காலடியைப் பார்க்கச் சொல்லிக் கத்துவேன். ஒரே வயிற்றில் பிறந்தோம் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

"கடைசிக்கு முன்னாடி கொஞ்ச நேரம் ஒண்ணும் இருக்கக் கூடாது. கண்ணு இருட்டுக்குப் பழகணும். அப்பதான் அடுத்தது விரியும்போது எல்லாரும் வாயைப் பொளப்பாங்க" என்பான், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு.

"பொளக்கட்டும். ஆனா முடிஞ்சு போச்சுன்னு கிளம்பினவன் அப்ப ஏரிக்கரைப் படியில ஏறிட்டிருப்பான். சத்தம் கேட்டதும் நின்ன இடத்துலயே திரும்புவான். பின்னாடி வர்றவன் நிப்பானா? தள்ளுவான். ரோட்டுல இருக்கறவன் பார்க்கணும்னு மேலேர்ந்து இறங்குவான். நடுவுல மாட்டினவங்க கதி என்ன?"

"உனக்கு எதைப் பார்த்தாலும் ஆபத்துதானா?"

"அதுக்குத்தானே எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க?"

"ரெண்டு பேரும் வாசல்ல போய் அடிச்சுக்குங்க. பாப்பா இப்பத்தான் தூங்கினா" என்பார் அண்ணி.

கடைசியில் ஆலோசனைக் கூட்டத்தில், அதிகாரிகளுக்கு முன்னால், இருட்டை எடுத்துவிடுவதாக ஒப்புக்கொண்டான். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான். ஆனாலும் ஒப்புக்கொண்டான். அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வேடிக்கை அன்றைக்கு அவன் அந்த இருட்டை வைக்கவில்லை. அது தானாக வந்தது.

இடம் ஒரு ஏரிக்கரை. கரை பள்ளத்தில், சாலை மேட்டில். இரண்டுக்கும் நடுவே ஒரே படிக்கட்டு. அகலமானதுதான், நடுவில் இரும்புக் கைப்பிடியும் உண்டு. பக்கத்தில் ஒரு சரிவுப் பாதை. ஆம்புலன்ஸ் வந்தால் அதில்தான் இறங்க வேண்டும் என்பதால் அதை அடைத்து வைத்திருந்தோம். வேடிக்கை, ஏரியின் நடுவில் கட்டி நிறுத்திய மிதவையிலிருந்து. அண்ணனும் அவன் ஆட்களும் மதியமே படகில் போய்விட்டார்கள்.

படியின் உச்சியில் கயிறு கட்டி நெட்டையை நிறுத்தினேன். எங்கள் குழுவில் அவர்தான் உயரம். எத்தனை தலை இருந்தாலும் அவர் தலை தனியாகத் தெரியும். படியின் அடியில் நான். கையில் ஒலிபெருக்கி, தோளில் வாக்கி-டாக்கி, மேலே ஒரு மஞ்சள் சட்டை, அதற்குள்ளே வியர்வை.

காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தடுப்புக் கம்பிகளைப் போய்ப் போய் ஆட்டிப் பார்த்தேன். "அக்கா, நீங்க ஆட்டியே அது விழுந்துரும்" என்றார் நெட்டை. காற்று சுத்தமாக இல்லை. கரை மரங்களில் ஓர் இலைகூட அசையவில்லை. காற்றில்லை, நல்லதாயிற்று, பொறி கரைப் பக்கம் வராது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். காற்றில்லாவிட்டால் புகை எங்கே போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சாயங்காலம் அண்ணி பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். தண்ணீர் ஓரக் கயிற்றுக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு நானே உட்கார வைத்தேன்.

"முடிஞ்சாலும் எழுந்திரிக்காதீங்க அண்ணி. கூட்டம் வடியட்டும். நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

"உத்தரவு தாயே" என்று சிரித்தார்.

பொழுது சாய்ந்ததும் ஆரம்பமாயிற்று. நான் வானத்தைப் பார்க்கவில்லை. என் வேலையில் வேடிக்கையை முகங்களில்தான் பார்க்க முடியும். சிவப்பு முகங்கள், பச்சை முகங்கள், மறுபடி சிவப்பு. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தன. படி காலியாக இருந்தது. கொஞ்சம் மூச்சு வந்தது.

சட்டென்று எல்லா முகங்களும் அணைந்தன.

"அண்ணா, என்ன ஆச்சு?" என்றேன் வாக்கி-டாக்கியில்.

"ஒண்ணும் ஆகலை. புகை அப்படியே நிக்குது. இதுக்குள்ள கடைசி அடுக்கை விட்டா ஒரு மண்ணும் தெரியாது. கொஞ்சம் கலையட்டும்."

"நிறுத்த மாட்டேன்னு சொன்னியே!"

"நானா நிறுத்தினேன்? புகை நிறுத்திருச்சு."

அதற்குள் கூட்டம் புரண்டது. முதலில் கைக்குழந்தைக்காரர்கள் எழுந்தார்கள். அப்புறம் பஸ் பிடிக்க வேண்டியவர்கள். "முடிஞ்சிருச்சு போல" என்று யாரோ சொன்னார். அவ்வளவுதான், கரை முழுக்க அதே பேச்சு. எல்லோரும் ஒரே நேரத்தில் படியைப் பார்த்துத் திரும்பினார்கள். "இருங்க, இன்னும் முடியலை" என்று சொன்னால் ஏறினவர்கள் திரும்பி இறங்குவார்கள். "ஏறுங்க" என்றால் ஏறிக்கொண்டிருக்கும்போதே வெடிக்கும். கையில் ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு ஊமையாக நின்றேன்.

"அக்கா" என்றார் நெட்டை, வாக்கி-டாக்கியில். அவர் குரலில் கிண்டல் இல்லை. "மேல ரோடு பூரா ஆளு. உள்ள வர இடமில்லாம நின்னவங்க. இப்ப கயிறு தாங்குது. வெடிச்சா தாங்காது. எல்லாம் இறங்கிரும்."

நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் கட்டுப்பாட்டு அறை அதிகாரிக்குத்தான். அவரைக் கூப்பிட்டேன். "அப்படியா? மேல கேட்டுச் சொல்றேன், லைன்லயே இருங்க" என்றார். அவருக்கு மேலே அன்றைக்கு வானம் மட்டும்தான் இருந்தது.

"அண்ணா, கடைசி அடுக்கை விடாத. படி நெறஞ்சு போச்சு."

"என்ன, வெளையாடறியா? அதுதான் வேடிக்கையே. இது வரைக்கும் விட்டதெல்லாம் சும்மா."

நடுப்படியில் ஒரு பெண்ணின் முழங்கை அவள் கன்னத்தருகே தூக்கியபடியே நின்றுவிட்டது. இறக்க இடமில்லை. அவளைச் சுற்றி எல்லோருடைய கைகளும் மார்போடு ஒட்டிக்கொண்டிருந்தன. நெரிசல் தொடங்கிவிட்டது என்பதற்கு இதுதான் முதல் அடையாளம். இன்னும் யாரும் கத்தவில்லை. ஏனென்றால் மேலே மெதுவாகவாவது நகர்ந்துகொண்டிருந்தது. அது நின்றால், கீழே இருப்பவர்களுக்கு அது நின்றது தெரியாது. அவர்கள் ஏறிக்கொண்டேதான் இருப்பார்கள்.

"அண்ணா, உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன். நிறுத்து. படியில ஜனங்க மாட்டிக்கிட்டாங்க."

"நீ எப்பவும் இப்படித்தான், எலியைப் பார்த்துட்டுப் புலின்னு சொல்லுவ. புகை விலகிருச்சு. என் ஆளுங்க தயாரா நிக்கறாங்க. ஆரம்பிக்கறேன்."

"அண்ணி படியில இருக்காங்க."

என் வாய்தான் சொன்னது. நான் யோசித்துச் சொல்லவில்லை.

"என்னது?"

"அண்ணியும் பாப்பாவும். நடுப்படியில. பாப்பா அழுதான்னு கிளம்பிட்டாங்க. என்னால கிட்டக்கூடப் போக முடியலைண்ணா."

கோவையாக வந்தது பொய். அழுகையும் சேர்ந்து வந்தது, அழுகை மட்டும் நிஜம்.

"நிறுத்துங்கடா! எல்லாத்தையும் நிறுத்து! கையை எடுடா!" என்று தன் ஆட்களைப் பார்த்து அவன் அலறினான்.

நான் கம்ப விளக்குகளைப் போடச் சொன்னேன். ஒலிபெருக்கியை எடுத்தேன். "நிகழ்ச்சி முடிஞ்சிருச்சு. இனிமே வெடி கிடையாது. நிக்காதீங்க, தள்ளாதீங்க, மெதுவா ஏறுங்க." கரை முழுக்க ஓவென்று ஊளை. "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" "ஏமாத்துக்காரப் பசங்க!" ஒரு தண்ணீர் பாட்டில் பறந்து வந்து என் தோளில் விழுந்தது. விழட்டும், நல்லா விழட்டும். மேலே சாலையில் நின்றவர்களும் திட்டிக்கொண்டே கலைந்தார்கள். நெட்டை கயிற்றை அவிழ்த்து வழியை அகலமாக்கினார். உச்சியில் இளகியது, பிறகு நடுவில். அந்தப் பெண்ணின் முழங்கை இறங்கியது. பையைச் சரிசெய்துகொண்டு ஏறிப் போனாள்.

ஒன்றும் நடக்கவில்லை. என் தொழிலில் அதைவிடப் பெரிய வெற்றி கிடையாது. அதற்காக எவனும் கை தட்டினதும் கிடையாது.

படியையே பார்த்துக்கொண்டிருந்ததில் அண்ணனை மறந்துவிட்டேன். பொய் சொன்னவள் அதைத் திருப்பி எடுத்திருக்க வேண்டாமா? எடுக்கவில்லை. மிதவையை ஆட்கள் பொறுப்பில் விட்டுவிட்டுப் படகில் வந்தவன், படகு கரை சேரும் முன்பே தண்ணீரில் குதித்து ஓடி வந்தான். தலைக்கவசம்கூடக் கழற்றவில்லை. முகமெல்லாம் கரி. "பாப்பா! பாப்பா!" என்று எதிரில் வந்த ஒவ்வொரு குழந்தையின் முகத்தையும் பார்த்துக்கொண்டே வந்தான். ஒரு குழந்தை பயந்து அழுதது.

என் தோள்களைப் பிடித்து உலுக்கினான். "எங்கடி? எங்க அவங்க?"

கையை மட்டும் நீட்டினேன். தண்ணீர் ஓரத்தில், நான் போட்ட நாற்காலியில், நான் சொன்னபடியே அண்ணி உட்கார்ந்திருந்தார். மடியில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவன் ஓடினான். நான் பின்னால் போனேன்.

"என்னங்க இது கோலம்?" என்றார் அண்ணி. "கடைசி வெடி எங்க? பாப்பா காதைப் பொத்திக்கிட்டே உக்காந்திருந்தேன்."

"நீ படியில இல்லையா?"

"நான் எங்க போனேன்? அசையக் கூடாதுன்னு உங்க தங்கச்சி உத்தரவு போட்டிருக்காளே!"

அண்ணன் மெதுவாக என் பக்கம் திரும்பினான்.

"பொய்யா சொன்ன?"

"ஆமா."

"என் பொண்டாட்டி பேரைச் சொல்லி, என் புள்ளை பேரைச் சொல்லி... எனக்கு உயிரே போயிருச்சு, தெரியுமா? ஜனங்க மாட்டிக்கிட்டாங்கன்னு சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருக்க மாட்டேனா?"

"சொன்னேன்ணா. சொல்லிக் கெஞ்சினேன்."

அண்ணி அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை.

"அப்ப, நாங்க படியில இல்லைன்னு தெரிஞ்சிருந்தா வெடிச்சிருப்பீங்களா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. அடுப்பை அணைத்தீர்களா என்று கேட்பதுபோலக் கேட்டார்.

அண்ணன் தலைக்கவசத்தைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, அண்ணியின் மடியிலிருந்து பாப்பாவைத் தூக்கிக்கொண்டான்.

கூட்டம் இன்னும் வடியவில்லை. அண்ணனும் அண்ணியும் எல்லோரையும் போல வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள். அவனை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் ஒருத்தர் வெடி விட்டவனைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே நடந்தார். அவன் அவருக்கு முன்னால் நடந்தான். நான் என் இடத்துக்குத் திரும்பி ஒலிபெருக்கியை எடுத்தேன்.

நடுப்படிக்கு வந்ததும் அண்ணன் நின்றான். இருட்டில் மிதவை கறுப்பாகத் தெரிந்தது. வெடிக்காத அத்தனையும் அதன் மேல்தான் இருந்தது. அவன் திரும்பிப் பார்த்தான். அந்த நொடியே பின்னால் வந்தவர் அவன் மேல் மோதினார், அவருக்குப் பின்னால் வந்தவர் அவர் மேல். அண்ணன் ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து, இன்னொரு கையால் பாப்பாவின் தலையைத் தன் கழுத்தோடு அழுத்திக்கொண்டான். அவன் முகம் விளக்கு வெளிச்சத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"நிக்காதீங்க" என்றேன் ஒலிபெருக்கியில். "பார்த்து ஏறுங்க."

அவன் ஏறினான்.