இடுகாடு வடகரையில்

செய்யாற்றை ஆறு என்று யாராவது சொன்னால் நதியா சின்ன வயதில் சிரிப்பாள். உத்திரமேரூருக்கு வடக்கே, அவர்கள் குடியிருந்த நாவல்மேட்டு ஓரத்தில், வருஷத்தில் முக்கால்வாசி நாள் அது வெறும் மணல். ஆடு மேய்க்கலாம், பந்து விளையாடலாம், குறுக்கே நடந்து வடகரை ரோட்டுக்குப் போய் பஸ் ஏறலாம். ஐப்பசி கார்த்திகையில் கொஞ்ச நாள் கணுக்கால் அளவுக்கு ஓடும். அதையும் தரைப்பாலத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தாண்டிவிடலாம். அதனால்தான், அவர்களுடைய இருளர் குடியிருப்புக்கு இடுகாடு வடகரைப் புறம்போக்கில் என்று எந்தக் காலத்திலோ எவரோ ஒதுக்கியபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. தென்கரையில் இருந்ததெல்லாம் ஊர்க்காரர்களின் பட்டா நிலம். மணலைத் தாண்டிப் பாடை தூக்குவதில் என்ன கஷ்டம் என்று விட்டுவிட்டார்கள்.

இப்போது ஆறு இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு போனது. தரைப்பாலம் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. நடுவில் ஒரு இடத்தில் மட்டும் தண்ணீர் முதுகு தூக்கி வளைந்தது; அதற்கு அடியில் பாலமாக இருக்கலாம். மேலே வானம் வெளுத்து, வெயில் சுள்ளென்று அடித்தது. உள்ளூரில் மழை நின்று ஒரு பொழுது ஆகிவிட்டது. ஆனால் புயல் இங்கே கொட்டியதைவிட ஜவ்வாது மலையில் அதிகம் கொட்டியிருந்தது. அந்தத் தண்ணீரெல்லாம் இனிமேல்தான் வந்துகொண்டிருந்தது.

நதியா ஓசூரில் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை செய்தாள். ஷிப்டு முடிந்து லாக்கரைத் திறந்தபோது தம்பி சக்திவேலின் குரல் போனில் காத்திருந்தது. "நைனா போய்ட்டாருக்கா." அவ்வளவுதான். அவள் அதை நம்பவில்லை. அவள் அப்பா மாசிக்கு மூச்சிரைப்பு. மழைக்காலம் வந்தால் நெஞ்சு விசிலடிக்கும், கண் செருகும், வீடே அழத் தொடங்கும். பிறகு எழுந்து உட்கார்ந்து, யார் செத்தது என்று கேட்டு டீ வாங்கிக் குடிப்பார். ஒரு தடவை பாடை கட்ட மூங்கில் வெட்டப் போனவர்களைப் பாதி வழியில் திருப்பிக் கூப்பிட வேண்டியிருந்தது.

அதனால் பஸ்ஸில் ஏறியதும் போனை வாயருகே வைத்து அவள் சொல்லச் சொல்ல, அது எழுதியது. எழுதியதைப் படித்துக்கூடப் பார்க்காமல் அனுப்பினாள். "நான் வர்ற வரைக்கும் நைனாவ எடுக்காதீங்கடா. மூஞ்சப் பாக்காம எனக்கு மனசு ஒத்துக்காது. எடுத்துட்டீங்கன்னா அப்பால நான் அந்த வூட்டுப் பக்கமே வர மாட்டேன்."

காஞ்சிபுரத்தில் இறங்கி, ஓரிக்கைப் பாலத்தில் பாலாற்றைத் தாண்டி, செய்யாற்றின் வடகரையில் வந்து நின்றபோது உச்சிவெயில். போலீஸ் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் திருவிழாக் கூட்டம். இளசுகள் வெள்ளத்துக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். டீக்கடைத் திலகா அவளைப் பார்த்ததும் கரண்டியை வைத்துவிட்டு வந்தாள்.

"வா பொண்ணு. காலைலேந்து உங்கம்மா அழுவுறது இங்க வரைக்கும் கேட்டுக்கினு இருந்துச்சு. இப்ப நின்னுபோச்சு. தொண்ட கட்டிக்கிச்சு போல."

"பெருநகர் பக்கமா சுத்திக்கினு போவ முடியாதா அத்தை?"

"எங்க சுத்தினாலும் உங்க மேட்டுக்கு ஏறணுமே. ஏரி ரொம்பி கலங்கல்ல வழிஞ்சி போவுது. பின்னாடி ஓடையில ஆள் முழுவுற தண்ணி. முன்னாடி இது. நேத்து ராத்திரி ஆம்புலன்ஸ் வந்துச்சு பாவம். இதோ, நீ நிக்கிற எடத்துல லைட்ட சுத்த வுட்டுக்கினு நின்னுட்டு, அப்டியே திரும்பிப் போய்ட்டான்."

நதியா தம்பிக்குப் போன் போட்டாள்.

"எங்கடா கீற?"

"கரைலதான் யக்கா. சேப்பு சட்டை. தெரீதா?"

தெரிந்தது. கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு சிவப்பு. பக்கத்தில் இன்னும் நாலைந்து உருவங்கள். அவர்களுக்குப் பின்னால் சவுக்குத் தோப்பு மட்டும் மேடாக நின்றது. மற்றதெல்லாம் தண்ணீர்.

"நைனா?"

"தோப்பாண்ட வச்சிக்கீறோம். குடிசைல இடுப்பளவு பூந்துடுச்சு. யக்கா, நீ சொன்ன மாரியே எடுக்கல. லாரி டியூப்பு ஒண்ணா சேத்துக் கட்டிக்கீறோம். அதுல படுக்க வச்சி, கயித்தப் புடிச்சிக்கினு நாங்க நாலு பேரு கொண்டாந்துர்றோம். அந்தக் கரைல நீ பாத்துக்கோ, அப்டியே நம்ம எடத்துல வச்சிரலாம்."

வெறும் மணலில் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அந்த நாலு பேரில் ஒருவனுக்கும் நீச்சல் தெரியாது. எங்கே போய்க் கற்றிருப்பார்கள்? ஆனாலும் வேண்டாம் என்று உடனே சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தண்ணீரைத் தாண்டி அந்த மேட்டில் கிடப்பது நைனாவா இல்லையா என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

"மொதல்ல சும்மா வுட்டுப் பாரு," என்றாள். "ஆள் ஏறாம."

டியூப்களைத் தண்ணீரில் தள்ளினார்கள். கயிற்றின் முனை சக்திவேலின் கையில். கொஞ்ச தூரம் அது ஒழுங்காக மிதந்தது. போலீஸ் கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒருவன், "வந்துரும், வந்துரும்" என்று போனைத் தூக்கிப் பிடித்தான். அப்போது மேற்கிலிருந்து வேரோடு பிடுங்கிய வேலிக்காத்தான் மரம் ஒன்று புரண்டு புரண்டு வந்தது. முள்ளும் கிளையுமாக டியூப்மேல் விழுந்து அணைத்துக்கொண்டது. கயிறு விறைத்தது. சிவப்புச் சட்டை முன்னால் விழுந்து, இழுபட்டு, பாதி காணாமல் போனது. பின்னால் இருந்தவர்கள் அதன் இடுப்பைப் பிடித்துத் தொங்கினார்கள்.

"கயித்த வுட்றா," என்று நதியா முனகினாள். போனில் அல்ல; வெறும் காற்றில்.

அவன் விட்டான். மரமும் டியூப்பும் நடு ஆற்று வளைவில் ஏறி இறங்கிக் கிழக்கே போய் மறைந்தன. படம் எடுத்தவன் கைதட்டினான்.

"உன் அப்பன் பொணம் போனா இப்டித்தான் கை தட்டுவியாடா பாடு," என்றாள் திலகா. "நவுரு அந்தாண்ட. வந்ததுலேந்து ஒரு டீ வாங்கல, எடத்த மட்டும் அடச்சிக்கினு."

போன் அடித்தது. சக்திவேல் இருமினான். "யக்கா, அது மரம் வந்ததாலதான். இன்னொரு டியூப்பு கீது."

"வேணாண்டா."

"அப்ப நீ பாக்கறது?"

"பாக்கல. நான் பாக்கல. நீ தண்ணியாண்ட போவாத. அங்கயே பொதச்சிடு."

"எங்கக்கா பொதைக்கிறது? தோண்டுற எடமெல்லாம் ஊறிக்கினு வருது. கரைல வச்சா ராவுக்கே ஆறு தூக்கினு போய்டும். தோப்பு மேடு ஒண்ணுதான் காஞ்சி கீது. அது சின்னராசு மொதலாளிது. கேக்காம எப்டி கை வைக்கிறது? அவுரு போன் போட்டா எடுக்கல." குரல் தாழ்ந்தது. "வாசம் வந்துருச்சிக்கா. அம்மா பக்கத்துல குந்திக்கினு ஈ ஓட்டிக்கினு கீது."

சின்னராசு அந்த டீக்கடை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். தோப்பும் மோட்டார் கொட்டகையும் அக்கரையில். அவர் வீடும் ஆளும் இக்கரையில். காலையிலிருந்து தன் நிலத்தைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாசி அவர் தோப்புக்குத்தான் காவல் இருந்தார்; நதியா பிறப்பதற்கு முன்பிருந்தே.

"ஐயா."

"மாசி பொண்ணா? வா, வா. நல்ல மனுசன்மா. அவன் இருந்த வரைக்கும் என் கொட்டாயில ஒரு ஒயரு காணாப் போனதில்ல."

"நைனாவ வைக்க எடம் இல்லீங்கய்யா. தோப்பு மேட்டுல ஓரமா ஒரு குயி வெட்டிக்கிறோம். நீங்க சரின்னா போதும்."

அவர் டம்ளரைச் சுற்றி அடியில் இருந்த டீயைக் கலக்கினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குப் பேச எளிதாக இருந்திருக்கும்.

"எப்டிமா? மெட்ராஸ் பார்ட்டி வந்து பாத்துட்டுப் போயிருக்கான். பிளாட்டு போடப்போறான். பொணம் பொதச்ச எடம்னு காதுல விழுந்தா வருவானா? இன்னிக்கு உங்கப்பன், நாளைக்கு இன்னொருத்தன். அப்பால அது எங்க சுடுகாடுன்னு கொடி நட்டுட்டீங்கன்னா நான் எந்தக் கோர்ட்டுக்கு அலையறது?"

"செத்தவன் எழுந்து பட்டா கேக்கப்போறானா," என்றாள் திலகா பாத்திரத்தைக் கழுவியபடி.

பெஞ்சில் ரெண்டு பேர் சிரித்தார்கள். சின்னராசுக்கு முகம் சுருங்கியது. "நீ டீய ஆத்து. ஊர் நாயம் ஒனக்கு எதுக்கு."

நதியா நகரவில்லை. அவருடைய செருப்பருகே குந்தி உட்கார்ந்தாள். ஓசூர் கம்பெனியின் நீலச் சட்டை இன்னும் மேலே இருந்தது. அதில் அவள் பேர் போட்ட அட்டை தொங்கியது. அந்தச் சட்டையோடு அவர் முன்னால் தரையில் உட்காருவோம் என்று அவள் நினைத்ததில்லை.

அவர் ஆற்றைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். "சரி. நானும் மனுசன்தான். இப்ப வைங்க. ஆனா தண்ணி வடிஞ்சதும் எடுத்துக்கினு போயி உங்க எடத்துல வச்சிடணும். தோப்புல தடம் தெரியக் கூடாது. இத்தினி பேரு முன்னாடி சொல்லு, எடுத்துர்றோம்னு."

எதை எடுப்பது என்று அவளுக்கு முதலில் உறைக்கவில்லை. உறைத்தபோது திலகா கழுவுவதை நிறுத்தியிருந்தாள்.

"எடுத்துர்றோங்கய்யா," என்றாள் நதியா.

போனில் அவள் அனுமதியை மட்டும் சொன்னாள், மற்றதைச் சொல்லவில்லை. சக்திவேல் வீடியோ போடுகிறேன் என்றான். தோப்புக்குப் போய் அழைத்தான். சவுக்கு மரங்களுக்கு நடுவில் கொஞ்சம் வானம் தெரிந்தது, அம்மா வீரம்மாளின் கை தெரிந்தது, ஒரு பாயின் ஓரம் தெரிந்தது. படம் அப்படியே நின்றுவிட்டது. கரண்டு போய் நாலைந்து நாள் ஆன மேட்டில் அவன் போனுக்கு உயிர் இருந்ததே பெரிசு. அது அணைந்த பிறகு அவள் வெறும் கண்ணால் பார்த்தாள். சின்ன உருவங்கள் குனிந்தன, நிமிர்ந்தன. குனிந்தன, நிமிர்ந்தன. எது வெட்டுவது, எது மூடுவது என்று தெரியவில்லை. அவள் கரையில் ஒரு பிடி மண் எடுத்தாள். போடுவதற்கு இடமில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அக்கரையில் எல்லாரும் தோப்பைவிட்டு இறங்கி வந்து கரையில் கால் கழுவியபோதுதான் முடிந்துவிட்டதென்று புரிந்தது.

தண்ணீர் வடிய வாரம் திரும்பியது. அதுவரை நதியா திலகா வீட்டில் படுத்துக்கொண்டாள். வெயில் ஒரு நாளும் குறையவில்லை. ஆறு போனதே தெரியாதபடி மறுபடியும் மணல் தலை காட்டியது. பழைய மணல் அல்ல, சேறும் முள்ளும் செத்த கோழியும் கலந்த மணல். தரைப்பாலத்தில் முதல் ஆள் நடந்ததும் சின்னராசு வீட்டிலிருந்து செய்தி வந்தது. பார்ட்டி வெள்ளிக்கிழமை வருகிறான்; வேண்டுமானால் ஜேசிபி அனுப்பட்டுமா என்று கேட்டார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்.

"வேணாங்கய்யா. நாங்களே பாத்துக்கறோம்," என்று நதியா சொல்லியனுப்பினாள்.

அன்றைக்குத்தான் அக்கரைக்குப் போய் வீட்டாரிடம் விஷயத்தை உடைத்தாள். சக்திவேல் மண்வெட்டியைத் தரையில் போட்டான். "ஒத்துக்கினு வந்தியா? நீயா?"

"நான்தான்."

"ஆத்துலயே வுட்டுருக்கலாம்."

"உன்னையும் சேத்துதான வுட்டுருக்கணும்."

அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோப்புக்கு நடந்தான். முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் வந்த வீரம்மாள், மேட்டுக்கு ஏறாமல் ஒரு சவுக்கு மரத்தடியில் முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள்.

மண் ஈரமாக, வெட்ட இலகுவாக இருந்தது. பாய் தெரிந்ததும் கூட வந்த இரண்டு பேர் பின்வாங்கி வேப்பெண்ணெயில் நனைத்த துணியை மூக்கில் கட்டிக்கொண்டார்கள். சக்திவேல் குழியில் இறங்கினான்.

"யக்கா, நீ அந்தாண்ட போ."

"நான் இங்கயே நிக்கிறேன்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். கோபம் போயிருந்தது. "பாக்கணும்னியே," என்றான், கேள்வியாக.

அவள் தலையாட்டினாள். அவன் தலைமாட்டில் பாயை விலக்கி, துணியை ஓரமாக எடுத்தான். அவள் குனிந்து பார்த்தாள். பார்க்க வேண்டிய அளவுக்குப் பார்த்தாள். மூடச் சொல்லவில்லை, அவனே மூடினான். குழிக்குள் இருந்தபடியே வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தான்.

"பாத்தியா?" மரத்தடியிலிருந்து வீரம்மாளின் கட்டிப்போன குரல் வந்தது. திரும்பவில்லை. "தூங்கற மாரி கீதில்ல? நான் பாக்கச்சே அப்டித்தான் இருந்துச்சு."

சக்திவேல் அக்காவைப் பார்த்தான்.

"கீதும்மா," என்றாள் நதியா. "அப்டியேதான் கீறாரு."

"அது போதும்."

புதிய பாயில் சுற்றி, மூங்கிலில் கட்டி, மேலே ஏற்றினார்கள். குழியை மூடி, சவுக்கு மிலாறால் தடத்தைப் பெருக்கிவிட்டார்கள். தலைமாட்டைச் சக்திவேல் தூக்கினான். கால்மாட்டுப் பக்கம் நின்றவனை நகரச் சொல்லிவிட்டு அவள் தோள் கொடுத்தாள். ஈரத்தில் ஊறிய உடம்பு அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. கரை இறங்கும்போது பாயிலிருந்து தண்ணீர் அவள் முதுகில் வழிந்தது. ஆற்றின் நடுவில் கணுக்கால் அளவுக்கு ஓடிய தண்ணீரில் யாரோ சறுக்கினார்கள். "பாத்து, பாத்து" என்றாள் பின்னால் வந்த அம்மா.

தோள் மாற்றாமல் வடகரை ஏறினார்கள்.