பதினேழு பக்க ஃபூரியர்

முகேஷ்குமார் ஷரீஃபாவின் ஜெராக்ஸ் கடைக்குத் தர வேண்டிய பாக்கி சரியாக அறுநூற்றுப் பன்னிரண்டு ரூபாய். அத்தனையும் ஒரே பேப்பருக்கு, இன்ஜினியரிங் மூன்றாம் செமஸ்டரின் எம்-த்ரீ கணக்குக்கு. ஐந்து தடவை எழுதி ஐந்து தடவையும் கவிழ்ந்த அரியர் அது. ஒவ்வொரு தடவையும் பரீட்சைக்கு முந்தின நாள் யாருடைய நோட்டையாவது வாங்கிவந்து கட்டுக்கட்டாக ஜெராக்ஸ் எடுப்பான். காகிதம் சூடாகக் கைக்கு வந்ததும் பாதி படித்துவிட்ட நிம்மதி வரும். மீதிப் பாதியைத் தூக்கம் பார்த்துக்கொள்ளும்.

இந்தத் தடவை பழைய மாணவர்களுக்குக் கொடுத்த கடைசி வாய்ப்பு. தப்பினால் பட்டம் போச்சு. இப்போது போலவே வடமதுரை மண்டியில் லாரிக்குத் தக்காளிப் பெட்டி ஏற்றிக்கொண்டே கிடக்க வேண்டியதுதான்.

“அக்கா, பதினேழே பக்கம்,” என்று ஓசி நோட்டை நீட்டினான்.

ஷரீஃபா மிஷின் மூடியைத் திறக்கவில்லை. “பழைய பாக்கியை வையி.”

“பரீட்சை நாளைக்குக்கா!”

“மிஷினுக்கா பரீட்சை? கை நல்லாத்தான இருக்கு? உக்காந்து எழுது.”

வேறு வழியில்லை, எழுதினான். ஐந்து யூனிட்டில் மூன்றை ஏற்கெனவே தலைமுழுகியிருந்தான். ஃபூரியரையும் இசட் டிரான்ஸ்ஃபார்மையும் முழுசாகப் பிடிப்பது, மற்றதில் இரண்டு மார்க் கேள்விகளைப் பொறுக்குவது. ஐம்பது வந்தால் போதும், ஐம்பத்தொன்று ஆடம்பரம். ஓசி நோட்டின் ஏழாம் பக்கத்தில் சாம்பார் சிந்தி ஒரு வரி அழிந்துபோயிருந்தது. அங்கே ‘காஸ் என்-பை என்றால் மைனஸ் ஒன்று’ என்று குத்துமதிப்பாகப் போட்டுவைத்தான்.

பெட்டிகளில் ஊர் பெயர் எழுதிப் பழகிய கை. எழுத்து லாரி டிரைவருக்குத் தூரத்திலிருந்தே புரியும். சாயங்காலம் அரியர்க் கூட்டம் வந்து நோட்ஸ் கேட்டதும் ஷரீஃபா அந்தப் பதினேழு பக்கத்தையும் உருவிக்கொண்டாள்.

“ஸ்பெஷல் நோட்ஸ். செட்டு அறுபத்தெட்டு.” முகேஷின் பக்கம் குனிந்து, “பாதி காகிதத்துக்கு, பாதி உன் கையெழுத்துக்கு,” என்றாள்.

பதினெட்டுச் செட்டு போனது. பாக்கி நோட்டில் அவன் பெயர்மேல் கோடு விழுந்தது.

மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே கூட்டம் நின்றது. முன்னால் ஒட்டன்சத்திரத்துப் பெண் மகேஸ்வரி.

“ஏனுங்க, என்-னுக்கு ரெண்டு போட்டா காஸ் டூ-பை. ப்ளஸ் ஒன்னுல்லங்க வருது? பதினெட்டுப் பேரும் ஒரே தப்ப எழுதுனா, காப்பின்னு ரிசல்ட்டை நிறுத்திருவாங்க!”

ஷரீஃபா முகேஷைப் பார்த்தாள். “மத்தியானம் ரெண்டு மணிக்குப் பரீட்சை. அதுக்குள்ள சரி பண்ணு. இல்ல, அடிச்ச கோட்டை அழிச்சிருவேன்.”

முகேஷ் காகிதத்தில் வட்டம் போட்டான், ஒரு பை-க்கு அரை வட்டம். அரை வட்டம் போனால் அந்தக் கரை, முழு வட்டம் போனால் இந்தக் கரை. இன்னொரு அரை வட்டம், மறுபடி அந்தக் கரை. லாரிக்கும் மண்டிக்கும் பெட்டியோடு நடக்கிற நடை.

“ஏலே, ஒத்தையா ரெட்டையா விளையாட்டுதான இது!” என்று கத்தினான். “என்-ங்கிறது ஒத்தைன்னா மைனஸ், ரெட்டைன்னா ப்ளஸ். அம்புட்டுத்தான்!”

“அம்புட்டுத்தான்னா நேத்தே எழுதித் தொலைச்சிருக்கலாமில்ல?” என்றாள் ஷரீஃபா.

பதினெட்டுச் செட்டிலும் சிவப்புப் பேனாவால் அவனே திருத்தினான். கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லியும் கொடுத்தான். பன்னிரண்டாவது செட்டிலிருந்து பார்க்காமலே கை ஓடியது. கடைசி நேரத்தில் புரட்ட ஒரு காகிதமும் எடுக்காமல் பரீட்சை ஹாலுக்குப் போனான்.

ரிசல்ட்டில் ஐம்பத்திரண்டு. ஆடம்பரத்துக்கும் ஒன்று மேலே. பல்லெல்லாம் தெரியக் கடைக்கு வந்தான்.

“பதினாறு பேர் பாஸ். ஃபெயிலான ரெண்டு பேரு காசைத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டானுக,” என்றாள் ஷரீஃபா. “நூத்தி முப்பத்தாறுல உன் பாதிப் பங்கு அறுபத்தெட்டு.”

“அவனுக படிக்காததுக்கு நானாக்கா பொறுப்பு?”

“கையெழுத்து யாருது?”

முகேஷ் போனை எடுத்துக் கல்லாவில் ஒட்டியிருந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்தான். பக்கத்திலிருந்த பேசும் பெட்டி, அறுபத்தெட்டு ரூபாய் வந்ததாகத் தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தது. ஷரீஃபா அவன் பெயர் இருந்த தாளைக் கிழித்து, நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மிஷின் காலுக்கு முட்டுக் கொடுத்தாள்.