கரியனின் பங்கு

நாயைத் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் போனவர்கள் என்று சித்தேரி மலையில் அதுவரை யாரும் இருந்ததில்லை. செல்லிதான் முதலில் கிளம்பினாள். தங்கள் வேட்டை நாய் கரியனை மூங்கில் கூடையில் உட்காரவைத்து, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் இறங்கத் தொடங்கினாள். பாதி மலையில் அவள் புருசன் தீர்த்தன் ஓடிவந்து கூடையை வாங்கிக்கொண்டான்.

"மாட்டாஸ்பத்திரியில நாயைப் பாப்பாங்களா, புள்ள?"

"பாக்கலைன்னா திரும்பி வருவோம்."

அரூர் மாட்டாஸ்பத்திரியில் பார்த்தார்கள். டாக்டர் வெங்கடாசலம் கரியனின் கண்ணிமையை விலக்கினார். வெள்ளை விழி மஞ்சள் அரைத்த அம்மிபோல் இருந்தது. முதுகெலும்பு ஒவ்வொன்றாக எண்ணும்படி துருத்தி நிற்க, வயிறு மட்டும் உப்பியிருந்தது. அவர் ஒரு பக்கம் தட்டியபோது மறுபக்கம் தண்ணீர் அலம்பியது.

"எத்தனை நாளா இப்படி?"

"பத்து நாளாத்தான் சாமி. திங்க மாட்டேங்குறான்."

"உன் கண்ணுக்குப் பத்து நாள். ஈரல் ஒரு வருசத்துக்கு மேலயே கொஞ்சம் கொஞ்சமாச் செத்துக்கிட்டு வந்திருக்கு. முக்கால்வாசி போற வரைக்கும் அது வெளிய காட்டிக்காது."

தீர்த்தன் கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "அப்ப போன கார்த்திகையிலயே இருந்திருக்குங்களா?"

"இருந்திருக்கும். ஓடினா சீக்கிரம் களைச்சுப் போயிருக்குமே, கவனிக்கலியா?"

தீர்த்தன் கரியனின் விலாவைத் தடவினான்.

போன கார்த்திகையில், சாமை அறுப்புக்கு முன்னால், ஊர் கூடிப் பன்றி வேட்டைக்குப் போயிருந்தார்கள். பன்றியை வெட்டும் இடத்தில், மனிதர்களுக்குக் கூறு போடுவதற்கு முன், அதை மடக்கிய நாய்களுக்கு ஈரலை அறுத்துப் போடுவது அவர்கள் வழக்கம். ஆறு வருடமாக முதல் துண்டு கரியனுக்குத்தான். அந்த வருடம் அது சரிவில் பாதி தூரம் ஓடிவிட்டு உட்கார்ந்துகொண்டது. ஈரலை அறுக்கும் ஆண்டி எல்லோர் முன்னாலும் சிரித்தான்.

"தீர்த்தா, உன் நாயி பன்னிக்குக் காவல் இருக்குதாடா?"

தீர்த்தன் கரியனை எட்டி உதைத்தான். "சோம்பேறி நாயி. இவனுக்குப் பங்கு போடாத" என்றான். மற்ற நாய்கள் தின்பதைக் கரியன் சற்றுத் தள்ளிப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு வழக்கம்போல அவன் பின்னாலேயே வீடு வந்தது.

"இதுக்கு மருந்து இல்லை" என்றார் டாக்டர். "உப்பு ஆகாது. கறி ஆகவே ஆகாது. கறியை அந்த ஈரலால தாங்க முடியாது, விசம் மூளைக்கு ஏறிடும். கஞ்சி, மோர், அவ்வளவுதான். பதனமா வச்சிருந்தா இன்னும் சில மாசம் இருக்கும்."

மலையில் நாய்க்கென்று யாரும் தனியாக உலை வைப்பதில்லை. சட்டியில் மிஞ்சுவதுதான் நாய்க்கு. ஆகவே செல்லி சட்டியில் உப்புப் போடுவதையே நிறுத்திவிட்டாள். முதல் நாள் தீர்த்தன் ஒரு வாய் வைத்ததும் அவளைப் பார்த்தான். அவள் கரியனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மீதியையும் தின்றான்.

சேதி ஆண்டிக்கு எட்டியது. "கீழ்நாட்டுல உப்பு வேணும்னு வெள்ளைக்காரனோட மல்லுக்கட்டிச் சனங்க செயிலுக்குப் போறாங்களாம். இவன் வூட்டுல உப்பே வேணாங்கறாங்க" என்றான். தீர்த்தனும் சேர்ந்து சிரித்தான்.

புரட்டாசி, ஐப்பசி என்று இரண்டு மாதம் ஓடியது. கரியனின் வயிறு சற்று வற்றியது. வெயில் ஏறியதும் அது எழுந்து, நான்கு எட்டுக்கு ஒருமுறை நின்று, சாமைக் கொல்லையின் ஓரம்வரை நடந்துபோய்ப் படுத்துக்கொள்ளும். கதிர்கள் அதன் மேல் சாய்ந்து அசையும். செல்லி தினமும் அதன் கண்ணிமையை விலக்கி மஞ்சள் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பாள். குறையாவிட்டாலும், "இன்னிக்குக் கொஞ்சம் தேவலை" என்பாள்.

கார்த்திகையில் மறுபடி வேட்டை வந்தது. பெரிய ஆண் பன்றி. ஆண்டி ஈரலை வெளியே எடுத்தபோது தீர்த்தன் கையை நீட்டினான்.

"கரியனுக்கு ஒண்ணு குடு."

"வராத நாயிக்குப் பங்கா?"

"போன வருசத்துப் பங்கு."

ஆண்டி ஏதோ சொல்ல வாயெடுத்தான். தீர்த்தனின் முகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு அறுத்து இலையில் வைத்துக் கொடுத்தான்.

வீட்டில் செல்லி இல்லை, ஊற்றுக்குப் போயிருந்தாள். டாக்டர் சொன்னது தீர்த்தனுக்கு மறக்கவில்லை. இலையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். எப்படியும் போகப்போகிற உயிர். பங்கு கிடைக்காமலே போகவேண்டுமா? இரத்த வாடை பிடித்துக் கரியன் தானாக எழுந்து வந்தது. ஒரு வருடமாகப் பார்க்காத வேகத்தில் அதன் வால் ஆடியது. அவன் இலையைக் கீழே வைத்தான்.

மறுநாள் மத்தியானம் கரியன் தலையை மண்சுவரில் முட்டுக்கொடுத்து நின்றது. செல்லி கூப்பிட்டாள். அது திரும்பவில்லை. வாயில் எச்சில் ஒழுகியது. அவள் மெல்ல இழுத்துத் திருப்பினாலும் ஒரே வட்டமாகச் சுற்றிவிட்டு மீண்டும் சுவரிடம் போய் நெற்றியை அழுத்திக்கொண்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு வழி இருப்பதுபோலவும், அது தனக்கு மட்டும் திறக்கவில்லை என்பதுபோலவும் நின்றது. தீர்த்தன் அதன் முன்னால் மண்டியிட்டுப் பெயர் சொன்னான். கண்கள் அவன்மேல் பட்டு, அவனை அறியாமல் கடந்துபோயின.

மூன்றாம் நாள் விடிந்தபோது கரியன் செத்துப்போயிருந்தது.

கொல்லையோரம் தீர்த்தன் கடப்பாரையால் குழி தோண்டினான். செல்லி கையால் மண்ணை வாரி வெளியே போட்டாள்.

"என் தப்புதான்" என்றாள். "சட்டியைச் சரியாக் கழுவாம உட்டிருப்பேன். பழைய உப்பு ஒட்டியிருந்திருக்கும்."

தீர்த்தன் தோண்டினான்.

"இல்லாட்டி மோரு புளிச்சிருக்கும். மோந்து பாக்காம ஊத்தினேன். அவன் நல்லாத்தானே வந்தான்? நான்தான் கெடுத்துட்டேன்."

கடப்பாரை நின்றது.

"ஈரல் குடுத்தேன், புள்ள."

அவள் நிமிர்ந்தாள்.

"வேட்டையன்னிக்கு. நீ ஊத்துக்குப் போயிருந்தப்ப. போன வருசம் நான் குடுக்காம உட்டது."

"டாக்டரு சொன்னாரே, மாமா. நீயுந்தானே கேட்டே?"

"கேட்டேன்."

கீழே கொல்லையில் யாரோ சாமை அறுத்துக்கொண்டிருந்தார்கள். செல்லி கரியன் மேல் போர்த்தியிருந்த தன் பழைய புடவைத் துண்டை எடுத்து உதறி, மறுபடியும் போர்த்தினாள்.

"தின்னானா?" என்றாள்.

"முழுசும் தின்னான். இலையையும் நக்கினான்."

அவள் முகத்தில் என்ன ஓடுகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. கடப்பாரையைப் பிடித்தபடி, அவள் அடிப்பாள் என்றோ கத்துவாள் என்றோ காத்து நின்றான். அவள் குழியை எட்டிப் பார்த்தாள்.

"இது பத்தாது" என்றாள். "இன்னும் ஆழமாத் தோண்டு. நரி கெளறிடும்."