அடியில் நின்ற பால்

"இதை யாரு தொட்டது?"

நர்ஸ் பால் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி கேட்டாள். குரல் உயரவில்லை. பயப்பட வேண்டிய குரல்தான். ஆனால் மீட்டருக்குப் பயம்கூட ஒழுங்காக வரவில்லை.

அவன் வேலை பார்க்கும் பால் தொழிற்சாலையில் எல்லோரும் அவனை 'மீட்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். கேன் மூடியைத் திறந்த மாத்திரத்தில் கொழுப்பு எவ்வளவு என்று சொல்லிவிடுவான். மெஷின் பிறகு வந்து ஆமாம் போடும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இன்குபேட்டருக்குள், அவன் மகள். மாதம் நிறையுமுன் வந்துவிட்டவள். காலையில் அவள் வயிறு ஊதிப் பளபளத்தது. குழாய் வழியே போய்க்கொண்டிருந்த பாலை உடனே நிறுத்தினார்கள். குடலில் அழற்சி. முற்றினால் கத்திதான்.

"உங்களைத்தான் கேக்கறேன் சார். தாய்ப்பால் இவ்வளவு கெட்டியா இருக்காது."

"நான்தான் சிஸ்டர்."

"என்ன பண்ணீங்க?"

சொன்னான். தையல் ஆறாத மனைவி வீட்டில் பம்பு வைத்துப் பால் எடுத்து ஃபிரிட்ஜில் வைப்பாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவது அவன் வேலை. குளிரில் ஏடு மேலே மிதக்கும். அடியில் நீலம் பாய்ந்த தண்ணிப் பால். பிள்ளைக்கு எடை ஏறணும், எடை ஏறணும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஏட்டை மட்டும் வழித்து எடுத்துக்கொண்டான். மிச்சத்தைச் சிங்க்கில் கவிழ்த்தான். தினமும்.

"கொழுப்பு உங்களுக்குத்தான் சார் அதிகம்!" என்ற நர்ஸ், மறுகணமே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரே உட்கார்ந்தார்.

"அந்தத் தண்ணியிலதான் ஒரு சர்க்கரை இருக்கு. அது பாப்பாவுக்குச் செரிக்காது."

"செரிக்காதா? அப்புறம் எதுக்கு அது?"

"குடல்ல இருக்கற நல்ல கிருமிகளுக்கு அதுதான் சாப்பாடு. அதுங்க பசியாறினா குடல் சுவருக்குக் காவல் நிக்கும், அழற்சியை அடக்கும். அம்மா பாப்பாவுக்கும் அதுங்களுக்கும் சேர்த்துத்தான் கட்டி அனுப்பறாங்க."

"அப்போ என்னாலதான்..."

"அப்படிச் சொல்ல முடியாது. முழுப்பால் குடிச்ச குழந்தைக்கும் வரும். யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாதுப்பா."

அடித்துச் சொல்லியிருந்தால் அழுதிருப்பான்.

ஃபோன் அதிர்ந்தது. மனைவி.

"என்னங்க, குடிச்சாளா?"

"நிறுத்தி வச்சிருக்காங்க. வயிறு வீங்கியிருக்கு." கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டான். "நான் ஏட்டை மட்டும்தான் கொண்டாந்தேன். அடிப்பாலைக் கொட்டிட்டேன். அதுவும் வேணுமாம்."

மறுமுனையில் பம்பின் சத்தம். க்ரக், க்ரக். அது நிற்கவில்லை.

"எடுத்துட்டிருக்கேன்," என்றாள் கடைசியில். "வந்து கொண்டுபோங்க. கை மட்டும் வைக்காதீங்க."

கை வைக்கவில்லை. மருந்தும் டிரிப்ஸுமாக நாட்கள் நகர்ந்தன. வீக்கம் மெல்ல வடிந்தது. கத்திக்கு வேலை வரவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். அவனும் வாயை அந்த மாதிரி வைத்துக்கொண்டான்.

மறுபடி பால் கொடுக்கலாம் என்ற அன்று, பாட்டிலை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து, ஏடும் தண்ணியும் ஒன்றாகும்வரை மெதுவாக உருட்டினான்.

"கொழுப்பு எவ்வளவு, மீட்டர் சார்?" நர்ஸ் சீண்டினாள்.

"தெரியல சிஸ்டர்."

நிஜமாகவே தெரியவில்லை. குழாயில் பால் சொட்டுச் சொட்டாக இறங்கியது. வயிறு ஊதவில்லை. காலி பாட்டிலை அவன் கைகள் இன்னும் உருட்டிக்கொண்டிருந்தன.