பிராங்க்ளின் ஜீப் வாங்குகிறானா

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. பழவேற்காடு பஸ் ஸ்டாண்டில் பிராங்க்ளின் என் கையில் திணித்தது. என்னிடம் எட்டாவது படித்தவன். இப்போது ஏரியில் இறால் பிடிக்கிறான்.

"சார், ஜீப் ஒண்ணு வாங்கலாம்னு கீறேன். நாலு சக்கரமும் இழுக்குமே, அந்த மாதிரி புதுசு. வாங்கறதா வேணாமானு மண்டை காயுது. நீங்க கதையா எழுதுங்க. அதுல நான் இன்னா பண்றேனோ அதையே பண்ணிடறேன்."

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. நான்கு மாதமாகிறது.

2

முதல் தொடக்கம்: 'சேற்றை வாரியிறைத்தபடி சிவப்பு ஜீப்…' வேண்டாம், விளம்பரம் மாதிரி இருக்கிறது.

இரண்டாவது: 'மழைக்காலத்தில் அந்த ஊர்ப் பாதை ஏரிக்குள் போய்விடும்.' இது பரவாயில்லை. போன கார்த்திகையில் அப்படித்தான் போனது. அவன் மகள் பிரின்சிக்கு மூச்சிழுப்பு. ஆட்டோ சேற்றில் சிக்கிக்கொள்ள, தோளில் போட்டுக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தான். "இன்னும் பத்து நிமிஷம் ஆயிருந்தா…" என்று டாக்டர் பாதியில் நிறுத்தினாராம். நானும் அங்கேயே நிறுத்துகிறேன்.

3

அப்புறமென்ன, வாங்க வேண்டியதுதானே என்பீர்கள். அப்படித்தான் எழுதினேன். அவன் மனைவி ரோசி வந்து கெடுத்தாள்.

(ஏரியில் யார், எந்த நாள், எங்கே வலை போடலாம் என்று ஊர் முறைவைத்துப் பிரிக்கும். அதற்குப் பாடு என்று பெயர். இவர்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு: வண்டி வைத்து மீன் ஏற்றுகிறவன் வியாபாரி. வியாபாரிக்குப் பாடு கிடையாது. போனால் போனதுதான்.)

"மீன் ஏத்தாம டீசல் எங்கேர்ந்து வரும்?" என்றாள் ரோசி. "வெள்ளம் நாலு நாளு. மீதி நாளெல்லாம் இன்னாத்த துன்றது?"

"புள்ள மூச்சு?" என்றான் பிராங்க்ளின்.

"அத நெனச்சுத்தான் நானும் தூங்காம கெடக்குறேன்."

இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. எனக்கு அலுத்துவிட்டது.

4

முடிவு அ: வாங்குகிறான். தன் இடத்தில் இன்னொருவன் வலை போடுவதைக் கரையில் நின்று அவன்

முடிவு ஆ: வாங்கவில்லை. மழை பிடித்துக்கொள்கிறது. பிரின்சி

(இரண்டையும் முடிக்கக் கை வரவில்லை.)

5

நேற்று போன் செய்தான். "ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு ஊர்க்கூட்டம் சார். பாடு பேரெல்லாம் எழுதறாங்க. என் பேரைக் குடுக்கவா?"

"நீயே முடிவு பண்ணுப்பா. எனக்குப் பயமா இருக்கு."



"எனக்கு மட்டும் பயம் இல்லியா சார்? அதனாலதான உங்களாண்ட குடுத்தேன்."

இன்று வெள்ளி. முடிவை உங்கள் தலையில் கட்டுகிறேன். கோழைத்தனம்தான், தெரியும். எதை வேண்டுமானாலும் எழுதுங்கள்; பயமில்லாமல் மட்டும் எழுதிவிடாதீர்கள்.