கேமராவை விட்டுவிட்டுக் கட்டிய லினக்ஸ்

1

இந்தக் கதை எதிர்வீட்டுச் சண்டையிலிருந்து பிறந்தது. ஒட்டுக்கேட்டேன், ஒத்துக்கொள்கிறேன். டெல்லி துவாரகாவில் தனியாகக் குடியிருக்கும் எழுத்துக்காரிக்கு வேறு என்ன பொழுதுபோக்கு?

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஜனவரிப் பனி துவாரகாவின் மேல் வெள்ளைப் போர்வையாக—'

சீ, வேண்டாம். இதை எனக்கு முன்னால் ஆயிரம் பேர் எழுதியாயிற்று.

இப்படித் தொடங்கலாம்: எதிர்வீட்டு அருள்மணி தன் லினக்ஸைத் தானே கட்டிக்கொள்கிறவன்.

2

லினக்ஸ் தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. (தெரிந்தவர்கள் நேராக 3க்குப் போகலாம். போகமாட்டீர்கள், தப்புக் கண்டுபிடிக்க இங்கேயே நிற்பீர்கள்.) கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள்தான் லினக்ஸ், அதில் பல ரகம். உபுண்டு மாதிரியானவற்றில் எல்லாம் பேக்கேஜாகத் தயாராக வந்துவிடும், கடையில் வாங்கும் இட்லி மாவு மாதிரி. ஜென்டூ மாதிரியானவற்றில் வருவது மூல நிரல். ஊறப்போட்டு அரைப்பது, அதாவது கம்பைல் பண்ணுவது, உங்கள் பாடு. எது வேண்டாம் என்று முன்பே எழுதிவைத்தால் அதை விட்டுவிட்டுக் கட்டிக்கொள்ளும். ஒரு பிரவுசரைக் கட்டவே ஒரு பகல் போய்விடும். அந்த நேரத்தில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டால் டெல்லிக் குளிருக்கு ஹீட்டரே வேண்டாம் என்பான் அருள்மணி.

3

அவன் மனைவி மதுமதிக்கு ஹைதராபாத் கம்பெனியில் வேலைக்கு வீடியோ இன்டர்வியூ. அவளுடைய லேப்டாப் ரிப்பேரில் கிடந்தது.

"என்னோடதுல பண்ணு. தேவையில்லாதது ஒண்ணுகூட இல்ல அதுல" என்றான். அதற்காகவே முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து பிரவுசரைப் புதிதாகக் கட்டினான்.

காலையில் மதுமதி பட்டுப்புடவை— (இல்லை, பொய். மேலே நல்ல குர்தா, கீழே கம்பளிப் பைஜாமா) உட்கார்ந்தாள். கேமரா இல்லை. மைக் இல்லை. தேவையில்லாதவை பட்டியலில் அந்த இரண்டும் இருந்தன.

"ஒரே நிமிஷம் மது, அத சேத்து திரும்பக் கம்பைல் பண்ணிடறேன்."

"எப்ப முடியும்?"

"சாயங்காலத்துக்குள்ள."

அவள் என் வீட்டுக்கு ஓடிவந்தாள். என் பழைய உபுண்டுவில், கொடியில் காயும் என் ஸ்வெட்டர்களைப் பின்னணியாக வைத்துப் பேசினாள். வேலை கிடைத்துவிட்டது, ஹைதராபாத் போக வேண்டும்.

4

அதன் பிறகுதான் சண்டை.

"மறந்துட்டீங்களா, இல்ல நான் போகக் கூடாதுன்னே செஞ்சீங்களா?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போய்விட்டான். அவள் என்னிடம் வந்து சொன்னாள்: "மறந்திருந்தா தொலையட்டும்கா, அவரையும் கூட்டிட்டுப் போறேன். வேணும்னே செஞ்சிருந்தா நான் தனியாத்தான் போவேன்."

லிஃப்டில் அவனைப் பிடித்தேன். "மறந்துட்டேன்னு சொல்லித் தொலையேன்பா."

"அக்கா, அந்த வேண்டாம் பட்டியல்ல ஒவ்வொரு வரியும் நான் கையால எழுதினது. தப்பு விட்டேன்னு எப்படிச் சொல்றது? நீங்க கதைதானே எழுதறீங்க, வேணும்னே செஞ்சேன்னு எழுதிடுங்க. பரவாயில்ல."

இந்த இடத்தில் எனக்கு இந்தப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. பெண்டாட்டி போனாலும் பரவாயில்லை, கான்ஃபிக்கில், அதாவது அந்தப் பட்டியலில், கோட்டை விட்டவன் என்ற பெயர் வரக்கூடாது என்று நினைக்கிற ஆள் உண்டா? உண்டு, எட்டாவது மாடியில் இருக்கிறான்.

5

முடிவு அ: மறந்தேன் என்கிறான். இருவரும் போய்விடுகிறார்கள். எதிர்வீடு பூட்டிக் கிடக்கிறது. எனக்கு அழுகை வருகிறது.

முடிவு ஆ: வேண்டுமென்றே செய்தேன் என்கிறான். அவள் மட்டும் போகிறாள். எனக்குப் பேச்சுத்துணைக்கு அவன்—

பார்த்தீர்களா, என் சுயநலம் எங்கே போய் நிற்கிறது என்று. இந்தக் கையை நம்பாதீர்கள்.

6

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பெல் அடித்தது. இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள்.

"அக்கா, எங்களைப் பத்தி எழுதறீங்களாமே" என்றாள் மதுமதி. "இவர் சொல்ல மாட்டேங்கறார். நீங்க என்ன எழுதியிருக்கீங்க? மறந்தாரா, வேணும்னா?"

"இன்னும் எழுதலம்மா."

அருள்மணி என் கால்மிதியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"மது, சத்தியமா எனக்கே தெரியல."

இதை எதில் சேர்ப்பது என்று மதுமதி என்னைப் பார்க்கிறாள். நான் உங்களைப் பார்க்கிறேன்.