மயிலம்மாளுக்கு ஒரு மெத்தை

இரும்புக் கம்பி மெத்தையின் வயிற்றில் இறங்கி மறுபுறம் முனை நீட்டியபோது, சன்னாசி தன்னையறியாமல் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

கம்பியைச் செருகியவன் தோட்டத்து வாயிலைக் காக்கும் மலாய்க்காரக் கான்ஸ்டபிள். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்ச் சேரக்கூடாது என்று தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. காலை ஆறு மணிக்குத் திறக்கும் கதவு மாலை ஆறுக்குச் சாத்தப்படும். இடையில் உள்ளே வருவது எதுவானாலும் கம்பிக்குத் தப்பாது. அரிசி மூட்டையானால் ஒரு குத்து. காய்கறிக் கூடையானால் ஒரு கிளறல். மெத்தை ஒன்று லாரியிலிருந்து இறங்கி வாயிலுக்கு வந்தது இதுதான் முதல் தடவை. அதனால் கான்ஸ்டபிளுக்கு அதன்மேல் சந்தேகம் சற்று அதிகமாகவே இருந்தது.

"புக்கா," என்றான். பிரிக்கச் சொல்கிறான்.

"பஞ்சுதான் லா, என்சே. பினி சாகிட்," என்று சன்னாசி தனக்குத் தெரிந்த மலாயில் கெஞ்சினான். மனைவிக்கு நோவு என்று சொன்னது கான்ஸ்டபிளுக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் உத்தரவு உத்தரவுதான். கத்தியால் ஒரு முழத் தையலை அறுத்து, முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினான். இறுக்கி அடைத்த இலவம் பஞ்சு அடைபட்ட மூச்சு வெளியேறுவதுபோலப் பிதுங்கி வந்தது. பெடாஸ் சாலையிலிருந்து வீசிய காற்று அதை அள்ளிக்கொண்டு போய் முள்வேலியில் மாட்டியது.

அரிசி இல்லை. கான்ஸ்டபிள் கையை உதறிக்கொண்டு, "மாஆப்," என்று மெல்லச் சொல்லி மன்னிப்புக் கேட்டான். தானும் குனிந்து இரண்டு கை பஞ்சைப் பொறுக்கிக் கொடுத்தான்.

ஸ்டோரில் கோணி ஊசியும் சணலும் வாங்கிவந்து சன்னாசி அங்கேயே சாலையோரத்தில் குந்தினான். ஒரு தையல் போடுவான். தலையைத் தூக்கி லயத்தைப் பார்ப்பான். மறு தையல் போடுவான். யாராவது ஓடி வருகிறார்களா என்று பார்ப்பான். புகைக் கொட்டகையில் ரப்பர் தகடுகளைத் தொங்கவிட்டுப் பழகிய விரல்கள் சணலை இழுத்து இறுக்கின. "இன்னிக்கோ நாளைக்கோ," என்று நேற்றுச் சாயங்காலம் தோட்டத்து மருந்தகத்து டிரசர் சொல்லியிருந்தார். சிரம்பான் ஆஸ்பத்திரியிலும் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று மயிலம்மாளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். முதுகுத்தண்டைத் தின்ற நோய் நெஞ்சுக்கும் இறங்கிவிட்டதாம்.

விடிந்தும் விடியாமலும் அவன் மெத்தையை எடுத்துவரப் பெடாஸ் டவுனுக்குக் கிளம்பியபோது, அவனுடைய அக்காள் ராக்கம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"சாகப்போறவளுக்கு மெத்தை எதுக்குடா?"

"இன்னிக்கு ஒரு நாள் இருக்கில்ல, அக்கா," என்று சொல்லிவிட்டு அவளைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

ஆறு வருடங்களுக்கு முன் ஒரு மழைநாளில், ரப்பர் பால் நிறைந்த காண்டாவாளியைத் தோளில் சுமந்துகொண்டு சரிவில் இறங்கும்போது மயிலம்மாள் வழுக்கி விழுந்தாள். பால் கொட்டியதற்கு வேலையை மேற்பார்க்கும் மண்டோர் திட்டியதுதான் அன்றைக்குப் பெரிதாகத் தெரிந்தது. விழுந்த நோவு மட்டும் அவளை விட்டுப் போகவே இல்லை. பலகைக் கட்டில் எலும்பைக் குத்தியது. தேங்காய்நார் நிரப்பிய சாக்கு தோலை அரித்தது. லாலான் புல்லை வெயிலில் காயவைத்து நிரப்பிப் பார்த்தார்கள். இரண்டே நாளில் அப்பளமாகி மூட்டைப்பூச்சிக்குக் குடியிருப்பானது. சென்ற தீபாவளிக்கு லோபாக்கில் ஒரு கடையில், உட்கார்ந்தால் ஆள் காணாமல் போகும் அளவுக்கு மெத்தென்றிருந்த ஒரு மெத்தையைப் பெருமையோடு வாங்கி வந்தான். முதல் நாள் மயிலம்மாள் சிரித்தபடியே படுத்தாள். மறுநாள் காலையில் குழியில் விழுந்த மாடு மாதிரி இடுப்பைத் தூக்க முடியாமல் கிடந்தாள். அன்றுதான் அவனுக்கு அந்தக் கதையைச் சொன்னாள்.

"ஆமைக்கு முதுகு வலி வந்துச்சாம். முயல் போயி, எம் புல்லுல படு, பூவா இருக்கும்னுச்சாம். புல்லு குத்துச்சாம். வாத்து வந்து, எம் எறகுல படுன்னுச்சாம். படுத்தா, ஆமை முங்கிப் போச்சாம். தவளை சேத்துல எடம் குடுத்துச்சாம். ஒரே குளிராம். கடைசில ஆமை மல்லாக்கப் படுத்துப் பாத்துச்சாம். நோவு பறந்து போச்சாம். ஆனா திரும்ப எந்திரிக்க முடியல."

"அப்புறம்?"

"அப்புறம் என்னாங்க. பக்கத்துல யாராச்சும் இருந்தா பொரட்டி விடுவாங்க. இந்தாங்க, என்னைக் கொஞ்சம் பொரட்டி விடுங்க."

பெடாஸில் மெத்தை தைக்கும் பெர்னார்ட் வேறு மாதிரி மனிதர். அவன் போய் நின்றதும் விலையைச் சொல்லவில்லை, கேள்வி கேட்டார்.

"வூட்டுக்காரம்மா எந்தப் பக்கமாப் படுப்பாங்க?"

பதினெட்டு வருடம் கூட வாழ்ந்தும் சன்னாசி அதைக் கவனித்ததில்லை. வெட்கத்தோடு வீடு திரும்பி, மூன்று நாள் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பாள். முழங்கால் இரண்டையும் மடக்கிக்கொள்வாள். வலப்பக்க இடுப்பில்தான் நோவு. அங்கே காற்றுப் பட்டாலும் பல்லைக் கடிப்பாள். இத்தனையும் தெரிந்துகொண்டு மறுபடி போனான். பெர்னார்ட் அவனைக் கடையிலேயே படுத்துக் காட்டச் சொன்னார். அவனும் முழங்காலை மடக்கிப் படுத்துக் காட்டினான். சாமான் வாங்க வந்தவர்கள் கூடிவிட்டார்கள்.

"என்ன சன்னாசி, எத்தனை மாசம்?" என்று ஒருவன் கேட்டான்.

"சிரிக்கிறவன் சிரிக்கட்டும், நீ அசையாதே லா," என்றார் பெர்னார்ட், அவன் இடுப்புக்கும் பலகைக்கும் இடையில் கையை விட்டு அளந்தபடி. "மெத்தைன்னா மெத்துன்னு இருக்கணும்னு ஊரே நெனைக்குது. நோவுக்காரங்களுக்கு அது குழி. தோளு அமுங்கணும்; இடுப்பு அமுங்கக் கூடாது. இந்தச் சந்து இருக்கு பாரு, இதுல கையளவு பஞ்சு கூட வைக்கணும். குறைஞ்சாலும் நோவு, மிஞ்சினாலும் நோவு."

அந்தக் கையளவு பஞ்சைத்தான் இப்போது காற்று கொண்டுபோயிருந்தது.

தைத்து முடித்துத் தலையில் தூக்கிக்கொண்டு அவன் லயத்துக்குள் நுழைந்தபோது, ராக்கம்மா கதவருகில் நின்றிருந்தாள். அவள் திட்டவில்லை. அதுவே அவனுக்குப் பயமாக இருந்தது. பக்கத்து வீட்டு நீலாவதி கைகொடுத்தாள். மூவருமாக மயிலம்மாளைத் தூக்கி, கட்டிலில் புது மெத்தையை விரித்து, இடப்பக்கம் ஒருக்களித்துக் கிடத்தினார்கள். காய்ந்த ஓலையைத் தூக்குவது போலத்தான் இருந்தது.

சன்னாசி கட்டிலருகே மண்டியிட்டான். "எப்படி இருக்கு, மயிலு?"

அவள் கண்களை மூடிக்கொண்டு, உடம்பின் ஒவ்வொரு மூலைக்கும் போய் விசாரித்து வருபவள்போல், தோளையும் இடுப்பையும் மெல்ல மெத்தையில் அமர்த்திப் பார்த்தாள்.

"குத்தல," என்றாள்.

பிறகு ஒரு கண்ணைத் திறந்தாள். "தலை என்னாங்க, ஒரே நாள்ல நரைச்சுப் போச்சு?"

அவன் தலையைத் தடவினான். விரல்களில் பஞ்சு ஒட்டியது. நீலாவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

மயிலம்மாள் தூங்கினாள். ஆறு வருடத்தில் பகலில் அவள் இப்படித் தூங்கியதை அவன் கண்டதில்லை. பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் அவனால் முடியவில்லை. குழாயடிக்குப் போவான், வாளியை நிரப்பாமலே திரும்புவான். தையல் போட்ட இடத்தைத் தடவிப் பார்ப்பான். அங்கே, இடுப்புக்கு நேர் கீழே, ஒரு கையளவு பள்ளம் விழுந்திருந்தது. தன் கைலி ஒன்றை நாலாக மடித்துச் செருகினான். உயரம் அதிகமோ என்று உருவினான். இரண்டாக மடித்து மீண்டும் செருகினான். அவள் புருவம் சுருங்குகிறதா என்று பார்த்தான். சுருங்கவில்லை. வாசலுக்குப் போனான். மறுபடி உள்ளே வந்தான்.

"எலிப்பொறியில மாட்டின எலி மாதிரி ஏண்டா ஓடுற? ஒரு எடத்துல உக்காரு," என்றாள் ராக்கம்மா.

அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாளா என்ன? கூடத்துச் சிமெண்டுத் தரையைக் கழுவித் துடைத்து, மஞ்சள் நீர் தெளித்து, தென்புறம் தலை வைக்க இடம் ஒழித்துக்கொண்டிருந்தாள். சன்னாசி அதைப் பார்த்தும் பாராததுபோல் இருந்தான்.

இரண்டு மணிக்கு மேல் மயிலம்மாளின் மூச்சு மாறியது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில், மரத்துக்கு மரம் இருக்கும் இடைவெளிபோல, வெறுமை விழுந்தது. லயத்துப் பெண்கள் வந்து சுவரோரம் நின்றார்கள். மண்டோர் அமிர்தலிங்கம் வாசலில் தலையைக் காட்டி, "ஆறு மணிக்குள்ள சுடுகாட்டு வேலையெல்லாம் முடிச்சுத் திரும்பிரணும், ராக்கம்மா. கேட்டு சாத்திட்டா ராத்திரி பூரா வெளிய நிக்கணும்," என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு நகர்ந்தார். உயிர் இருக்கும்போதே அதைச் சொல்ல வேண்டியிருந்தது அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

"தம்பி, இறக்கிரலாம்," என்றாள் ராக்கம்மா.

"வேணாம், அக்கா."

"மெத்தையில உசிரு போகக் கூடாதுடா. பஞ்சுக்குள்ள சிக்கிக்கும். தரையைத் தொட்டாத்தான் அதுக்கு வழி தெரியும்."

"சிமெண்டுத் தரை, அக்கா. அவ எலும்பு தாங்காது."

"இன்னும் எவ்வளவு நேரத்துக்குடா அந்த எலும்பு?"

"எவ்வளவு நேரமானாலும். ஆறு வருசம் கழிச்சு இன்னிக்குத்தான் குத்தலன்னு சொன்னா."

ராக்கம்மா கோபப்படுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் கட்டிலின் கால்மாட்டில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"ஒங்க மாமா ஆஸ்பத்திரிக் கட்டில்லதான் போனாரு. என்னைய உள்ள விடல. இறக்கி வைங்கன்னு வெளிய நின்னு கத்துனேன். எவனுக்கும் பாஷை புரியல. ஒம்போது வருசமாச்சு. இன்னிக்கும் கனவுல வந்து, அந்தக் கட்டில விட்டு எறங்கத் தெரியாம முழிச்சிக்கிட்டு நிக்கிறாரு. எனக்கு ஆனது ஒனக்கும் ஆகணுமாடா?"

அக்காள் தன் புருஷனைப் பற்றிய இந்தக் கனவை அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை. மயிலம்மாளின் கண்கள் பாதி திறந்திருந்தன. அவை அவனைத்தான் பார்த்தனவா என்று சொல்ல முடியாது. அவள் வலியில்லாமல் போகவேண்டும். வழி தெரிந்தும் போகவேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால், அந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் துணிவு அவனுக்கு இல்லை.

அடுத்த மூச்சு வர வெகுநேரமாயிற்று.

சன்னாசி சட்டையைக் கழற்றிப் போட்டான். ராக்கம்மா கழுவி வைத்திருந்த தரையில், சுவரில் முதுகைச் சாய்த்து, கால்களை நீட்டி உட்கார்ந்தான்.

"இப்ப இறக்குங்க," என்றான். "எம் மேல இறக்குங்க."

"தரை படணும்டா."

"பாதம் படும், அக்கா."

அப்படி ஒரு முறை உண்டா என்று ராக்கம்மாவுக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள அங்கே பெரியவர்களும் யாரும் இல்லை. அவள் தம்பியை ஒரு கணம் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "பிடிங்கடி," என்றாள்.

நான்கு பேர் தூக்கினார்கள். இறக்கும்போது மயிலம்மாளின் தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது. சன்னாசி அவசரமாக இடத் தொடையைச் சற்று உயர்த்தினான். தோளைத் தன் மார்பில் அமுங்க விட்டான். முழங்காலை அவள் மடக்கிக்கொள்ளத் தோதாகத் தன் காலை விலக்கினான். முனகல் நின்றது. அவளுடைய குதிகால் இரண்டும் ஈரச் சிமெண்டைத் தொட்டுக்கொண்டிருந்தன. ராக்கம்மா குனிந்து, அவை நன்றாகத் தொடுகின்றனவா என்று விரலால் பார்த்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவன் அசையவே இல்லை. நெற்றியில் வந்து உட்கார்ந்த ஈயை நீலாவதிதான் விரட்டினாள். தொடை நடுங்கத் தொடங்கியபோது, நடுக்கம் அவளை எட்டிவிடாதபடி பல்லைக் கடித்து இறுக்கிக்கொண்டான். வெளியே ரப்பர் மரங்களுக்குள் காய்கள் வெயிலில் வெடிக்கும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. ராக்கம்மா பசும்பாலில் துணியை நனைத்து உதட்டில் வைத்தாள். முதல் இரண்டு தடவை உள்ளே இறங்கியது. மூன்றாம் தடவை கடைவாய் வழியாக வழிந்து சன்னாசியின் மார்பில் சொட்டியது.

மணி மூன்றே முக்கால்.

பெண்கள் அழத் தொடங்கினார்கள். யாரோ ஒருத்தி மயிலம்மாளின் பெயரைச் சொல்லிப் பாட்டெடுத்தாள். வாசலில் ஆண்கள் மூங்கில் வெட்ட ஓடும் சத்தம் கேட்டது. ராக்கம்மா மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். குளிப்பாட்ட வேண்டும், சேலை கட்ட வேண்டும், ஆறு மணிக்குள் எல்லாம் நடந்தாக வேண்டும்.

"தூக்குங்கடி, நேரமாச்சு," என்று தலைப்பக்கம் குனிந்தாள். நீலாவதி காலைப் பிடித்தாள். மற்ற இருவர் இடுப்பில் கைகொடுத்து வேகமாகத் தூக்கப் போனார்கள்.

"மெதுவா," என்றான் சன்னாசி. "வலப்பக்கம் பாத்து. அங்கதான் அவளுக்கு நோவு."

தூக்கிய கைகள் அப்படியே நின்றன. பாடிக்கொண்டிருந்தவளும் நிறுத்திவிட்டாள்.

ராக்கம்மா தலைப்பக்கத்தை விட்டுச் சுற்றி வந்தாள். இடுப்புப் பக்கம் நின்றவளை முழங்கையால் ஒதுக்கிவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்தாள். மயிலம்மாளின் வலது இடுப்பில் படாமல், தன் உள்ளங்கையை முதுகுக்குக் கீழே மெல்ல நுழைத்து, இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்த்தி வைத்துக்கொண்டாள்.